தெற்கு சூடானுக்கு முதல் முறை புறப்படும் தம்பிக்கு

"எங்கள் பட்டாலியன் ஐ.நா. அமைதிப்படையில் தெற்கு சூடானுக்குப் போகிறது. எனக்கு வயது 27, லான்ஸ் நாயக். வெளிநாடு இதுதான் முதல் தடவை. மனைவிக்கு ஐந்தாம் மாதம். கிளம்ப இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. என்னென்ன தயார் செய்ய வேண்டும், எதையெல்லாம் எடுத்துப்போக வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தம்பி, 2017-ல் ஹவில்தாராக இருந்தபோது நானும் இதே நாட்டுக்குப் போய் ஒரு வருடம் இருந்துவிட்டு வந்தேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். எந்தப் பட்டாலியன், எந்த முகாம், எந்தத் தேதி என்பதை நீங்கள் கேள்வியில் எழுதாமல் விட்டது நல்லது. வீட்டில் உள்ளவர்களிடமும் அதையே சொல்லி வையுங்கள். மாமன் மகன் பெருமையாக வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போட்டாலும் போட்டுவிடுவான்.

நீங்கள் கேட்ட வரிசையை மாற்றிக்கொள்கிறேன். எதை எடுத்துப்போவது என்பது கடைசி வாரத்து வேலை. ஊசி, மெடிக்கல், பயிற்சி, நீலத் தொப்பி, நீல ஹெல்மெட், வெள்ளை அட்டை போட்ட அபிஷியல் பாஸ்போர்ட் எல்லாவற்றையும் பட்டாலியன் பார்த்துக்கொள்ளும். ஒன்று குறைந்தாலும் உங்களைக் கூப்பிட்டு முடிக்கச் சொல்வார்கள். நீங்கள் இல்லாத ஒரு வருடத்துக்கு வீட்டைத் தயார் செய்து வைக்கத்தான் ஆள் கிடையாது. அது உங்கள் தலையில்தான். அங்கே எங்களோடு இருந்தவர்களில் தூக்கம் வராமல் புரண்டவர்களை எனக்குத் தெரியும். பெரும்பாலும் துப்பாக்கிச் சத்தம் காரணமில்லை. ஊரில் முடிக்காமல் விட்டுவந்த பாகப்பிரிவினை, வட்டி ஏறிக்கொண்டிருந்த நகைக்கடன், மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் பேசித் தீர்க்காத ஒரு பேச்சு, இவைதான்.

முதலில் வங்கி. என் கணக்கு என் பெயரில் மட்டும் இருந்தது, மனைவியிடம் ஏடிஎம் கார்டு மட்டும் கொடுத்துவிட்டுப் போனேன். கணக்கோடு இணைந்த என் சிம்முக்கு ரீசார்ஜ் செய்ய மறந்துவிட்டேன், நம்பர் செத்துவிட்டது. நாலாவது மாதம் கார்டு முடங்கியது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் வைத்திருந்த வாரம் அது. ஓடிபி வந்தால்தான் ஆகும், இல்லையென்றால் கணக்கு வைத்திருப்பவர் நேரில் வர வேண்டும் என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். நான் நைல் நதிக்கரையில் நின்றுகொண்டு என்ன செய்ய முடியும்? மைத்துனரிடம் கடன் வாங்கி ஆபரேஷனை முடித்தார்கள். நீங்கள் கணக்கை இப்போதே இருவர் பெயருக்கும் மாற்றுங்கள், இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற முறையில். பழைய நம்பரை உயிரோடு வைத்திருங்கள். அந்த சிம்மை ஒரு சாதா போனில் போட்டு மனைவியிடமே கொடுத்துவிட்டுப் போகலாம்.

அடுத்தது பெயர். இன்சூரன்ஸ், பிராவிடண்ட் ஃபண்ட் ஆகியவற்றில் நாமினி யார் என்று கிளார்க்கிடம் போய் உட்கார்ந்து கண்ணால் பாருங்கள். கல்யாணத்துக்கு முன் சேர்ந்தவர்கள் நிறைய பேருக்கு அப்பா பெயரே இன்னும் நின்றுகொண்டிருக்கும். கல்யாணத்துக்குப் பார்ட் டூ ஆர்டர் (குடும்ப விவரத்தை ராணுவப் பதிவேட்டில் ஏற்றும் உத்தரவு) வந்திருக்கிறதா, அதில் மனைவியின் பெயர் ஆதாரில் உள்ளதுபோல் எழுத்துக்கு எழுத்து சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு எழுத்துப் பிழைக்காக வருடக்கணக்கில் அலைந்த குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். இதையெல்லாம் பேசினால் மனைவி அழுவார். அழட்டும், பக்கத்தில் இருந்து பேசி முடித்துவிடுங்கள்.

நிலம், வீடு விஷயம் ஏதாவது பாக்கி இருந்தால் பொது அதிகாரப் பத்திரம் யாருக்கும் எழுதிக் கொடுக்காதீர்கள், கூடப்பிறந்தவராக இருந்தாலும் சரி. இன்ன சர்வே எண்ணுக்கு, இன்ன வேலைக்கு மட்டும் என்று சிறப்பு அதிகாரப் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள்.

பிரசவம் பற்றி. உங்கள் கணக்குப்படி நீங்கள் கிளம்பும்போது எட்டாம் மாதம். குழந்தை பிறக்கும்போது நீங்கள் அங்கே இருப்பீர்கள். அதை இப்போதே இரண்டு பேரும் வாய்விட்டுப் பேசிக்கொள்ளுங்கள். எந்த ஆஸ்பத்திரி, ராத்திரி வலி வந்தால் யார் வண்டி, கூட யார் இருப்பார்கள் என்று பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். மிலிட்டரி ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்தால் டிபெண்டண்ட் கார்டு கையில் இருக்க வேண்டும். எங்கே பிரசவம் பார்த்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்து பிக்மி எண்ணை, அதாவது கர்ப்பப் பதிவு எண்ணை, வாங்கிவிடுங்கள். தமிழ்நாட்டில் அது இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் எடுப்பது கஷ்டம். பிறப்புச் சான்றிதழ் இருந்தால்தான் குழந்தைக்குப் பார்ட் டூ ஆர்டர் போட முடியும். பட்டாலியனில் பின்னால் தங்கும் ரியர் பார்ட்டியில் யார் இருக்கிறார்கள், அவர்கள் நம்பர் என்ன என்பது மனைவியிடமும் மாமனாரிடமும் இருக்கட்டும்.

நானும் என் மனைவியும் ஒரு எண்பது பக்க நோட்டு போட்டோம். கேஸ் புக் நம்பர், எல்ஐசி கட்ட வேண்டிய தேதி, மோட்டார் ரிப்பேர்க்காரர் நம்பர், எங்கள் தெரு கவுன்சிலர் நம்பர், யாருக்கு நாம் எவ்வளவு தர வேண்டும், யார் நமக்குத் தர வேண்டும் என்று இருபது பக்கம் எழுதிவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தபோது மீதிப் பக்கங்களில் அவள் எழுதியிருந்தாள். மழையில் பின்சுவர் இடிந்ததற்கு ஆன செலவு, கொத்தனார் கூலி, மகனுக்குக் காய்ச்சல் அடித்த மூன்று நாளின் டிகிரி கணக்கு. போனில் இதில் ஒன்றைக்கூட அவள் என்னிடம் சொன்னதில்லை. நீங்கள் நோட்டைக் கொடுக்கும்போதே, கெட்ட செய்தியை மறைக்க வேண்டாம் என்றும் சொல்லிக் கொடுங்கள்.

பணம் வரும் என்ற பேச்சு ஊரில் பரவும். வெளிநாட்டு அலவன்ஸ் நம் சம்பளத்துக்கு நல்ல தொகைதான். ஆனால் எவ்வளவு, எப்போது கையில் வரும் என்பதை உங்கள் பட்டாலியன் அக்கவுண்ட்ஸ் ஆளிடம் மட்டும் கேளுங்கள். முன்பு போய்வந்தவர் சொன்ன தொகையை நம்பி மனைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். ஐ.நா. ஒரு வீரருக்கு இவ்வளவு டாலர் என்று மாதக் கணக்கில் தருவது நம் அரசுக்கு, நமக்கு நேரடியாக அல்ல. இது தெரியாமல் இணையத்தில் பார்த்த தொகையைத் தன் சம்பளம் என்று நினைத்துக்கொண்டவர்கள் உண்டு. கடன் கேட்டு வரும் சொந்தக்காரர்களுக்கு, "எல்லாம் அவள் கணக்குக்குப் போகிறது, திரும்பி வந்து பார்க்கலாம்" என்ற ஒரே பதிலை வீட்டில் எல்லோரும் சொல்லுங்கள்.

அம்மாவிடம் நீங்களே நேரில் சொல்லுங்கள். எனக்குக் கிடைத்த இடம் ஜோங்லெய் மாநிலத்தின் தலைநகர். அதன் பெயர் போர். "அம்மா, அண்ணன் போருக்குப் போகிறார்" என்று என் தம்பி போனில் விளையாட்டாகச் சொல்லிவிட்டான். நான் வீட்டுக்குப் போவதற்குள் அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. வரைபடத்தை விரித்து, இது ஊர் பெயர் அம்மா, ஆற்றங்கரையில் இருக்கிறது, நைல் என்று பெரிய ஆறு, நம் ஆட்களே எண்ணூறு பேர் கூட இருப்பார்கள் என்று காட்டினேன். அதற்குப் பிறகுதான் ஒரு வாய் சாப்பிட்டார். ஆபத்தே இல்லை என்று பொய் சொல்லவில்லை, நீங்களும் சொல்லாதீர்கள். டிவியில் ஒரு செய்தி வந்தால் அந்தப் பொய் அன்றைக்கே உடைந்துவிடும்.

இனி உடம்பு. மஞ்சள் காய்ச்சல் ஊசி பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னால் போட்டிருக்க வேண்டும், அப்போதுதான் சான்றிதழ் செல்லும். அந்த மஞ்சள் நிறக் கார்டைப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள். அது இல்லாமல் அங்கிருந்து இந்தியா திரும்பினால் விமான நிலையத்திலேயே பிடித்துத் தனிமைப்படுத்தி வைப்பார்கள். முட்டை ஒத்துக்கொள்ளாது என்றால் ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இதைவிட முக்கியம் மலேரியா. நான் இதை வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே இருப்பது பெரும்பாலும் ஃபால்சிபரம் வகை, மூளையைப் பாதிக்கக்கூடியது, இரண்டு மூன்று நாளில் ஆளைக் கொல்லக்கூடியது. தடுப்பு மாத்திரை எது என்பதை உங்கள் ஆர்.எம்.ஓ. (பட்டாலியன் டாக்டர்) சொல்வார். வாரம் ஒன்றோ தினம் ஒன்றோ, சொன்ன நாளில் சொன்ன நேரத்தில் விழுங்க வேண்டும். எங்கள் பிளட்டூனில் நல்ல வாட்டசாட்டமான பையன் ஒருவன், மாத்திரை போட்டால் கெட்ட கனவு வருகிறது என்று யாருக்கும் தெரியாமல் நிறுத்திவிட்டான். ரோல் காலில் வாயில் போடுவான், அப்புறம் துப்பிவிடுவான். ஆறாவது வாரம் ஒரு மாலை கொளுத்தும் வெயிலில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான், பல் கிட்டி அடித்தது. ராத்திரி பத்து மணிக்குச் சொந்தப் பெயரைக் கேட்டால் பதில் வரவில்லை. ஹெலிகாப்டர் மறுநாள் காலையில்தான் வர முடிந்தது. பிழைத்தான். கனவு வருகிறது என்று டாக்டரிடம் சொல்லியிருந்தால் வேறு மாத்திரை மாற்றிக் கொடுத்திருப்பார், அவ்வளவுதான் விஷயம். சாயங்காலம் ஆறு மணிக்குச் சட்டைக் கையை இறக்கிவிட்டுப் பட்டன் போடுங்கள். அந்தக் கொசு பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரை கடிக்கும். நிலவேம்புப் பொடி, வேப்பிலை எல்லாம் எடுத்துப்போகலாம், ஆனால் மாத்திரைக்குப் பதில் அது ஆகாது.

பல்லை இப்போதே பாருங்கள். சொத்தைப் பல் ஒன்று இருந்தால் லீவிலேயே அடைத்துவிடுங்கள். ஆற்றோரம் ஒரு சின்ன முகாமில், மழையில் ஹெலிகாப்டர் வராத வாரத்தில் பல்வலி வந்தால் அதுபோல் கொடுமை வேறில்லை. கண்ணாடி போடுபவராக இருந்தால் இரண்டு ஜோடி.

நைல் நதியைப் பார்த்ததும் குதிக்கத் தோன்றும். காவிரிக்கரை, தாமிரபரணிக்கரைப் பிள்ளைகளுக்குச் சொல்லவே வேண்டாம். குளிக்காதீர்கள். முதலை இருக்கிறது. அதைவிட, நத்தையிலிருந்து தண்ணீருக்கு வந்து, தோல் வழியாக உடம்புக்குள் புகும் புழு இருக்கிறது. காலையில் பூட்ஸைப் போடுவதற்கு முன் கவிழ்த்துத் தட்டுங்கள். என் பூட்ஸிலிருந்து ஒருநாள் விரல் நீளத் தேள் விழுந்தது.

டெல்லியில் ஐ.நா. அமைதி காப்புக்கென்று நம் ராணுவத்தின் மையம் ஒன்று 2000-லிருந்து இருக்கிறது. அவர்களும் உங்கள் பட்டாலியனும் நடத்தும் வகுப்புகளில் தூங்கிவிடாதீர்கள், பயணத் தயாரிப்பில் அதுதான் கடினமான பகுதி. எல்லையில் நாம் பழகியது வேறு. எதிரி யார் என்று தெரியும், எதிரில் இருப்பான். அங்கே உங்களுக்கு எதிரி என்று யாரும் கிடையாது. டிங்கா, நுயேர், முர்லே என்று பல இனங்கள், ஒருவரோடு ஒருவர் சண்டை. நீங்கள் யார் பக்கமும் இல்லை, சாதாரண மக்கள் பக்கம் மட்டும். அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்று அர்த்தமில்லை. மக்கள் உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் சுடவும் பாதுகாப்புக் கவுன்சில் அதிகாரம் கொடுத்திருக்கிறது. எப்போது எச்சரிக்கை, எப்போது வானத்தில், எப்போது ஆளை நோக்கி என்பது சட்டைப்பையில் வைக்கும் சின்னக் கார்டில் இருக்கும். அதை மனப்பாடம் செய்யுங்கள். நடு ராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும்.

2013 டிசம்பர் 19 அன்று அகோபோ என்ற சிறிய முகாமில் நடந்ததை எங்கள் சுபேதார் சாகிப் வகுப்பில் சொல்வார். உள்நாட்டுச் சண்டை தொடங்கி நாலு நாள்தான் ஆகியிருந்தது. உயிருக்குப் பயந்து டிங்கா மக்கள் சிலர் முகாமுக்குள் வந்திருந்தார்கள். அவர்களைக் கேட்டு ஆயுதத்தோடு ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் சூழ்ந்துகொண்டார்கள். நம் வீரர்கள் இருவர் அங்கே உயிர்விட்டார்கள். அதே வருடம் ஏப்ரலில் ஒரு கான்வாய்க்குக் காவலாகப் போன நம் ஆட்கள் ஐந்து பேர் கும்ருக் அருகே பதுங்கித் தாக்கப்பட்டு இறந்தார்கள். பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. நீல ஹெல்மெட் போட்டிருக்கிறோம், நம்மை யார் சுடுவார்கள் என்ற எண்ணத்தோடு போகக் கூடாது. புல்லட் புரூஃப் ஜாக்கெட் வெயிலில் அடுப்பு மாதிரி இருக்கும். இருந்தாலும் கழற்றாதீர்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகவே சொல்கிறேன், அண்ணன் தம்பிக்குச் சொல்வதுபோல் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பசி அதிகம். ஒரு பாக்கெட் பிஸ்கட்டுக்காக முகாம் வேலிக்கு வரும் பெண்கள் இருப்பார்கள். பணம், சாப்பாடு, வேலை எதைக் கொடுத்தும் உடலுறவு கூடாது என்பது ஐ.நா. விதி. பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் வயது தெரியாது என்று சொன்னாலும் செல்லாது. திருப்பி அனுப்பப்படுவீர்கள், இங்கே வந்து நம் ராணுவச் சட்டத்தில் விசாரணை. சட்டத்தை விடுங்கள். காப்பாற்றுவார்கள் என்று நம்பித்தான் அந்த ஜனங்கள் நம் வேலி ஓரமாக வந்து தங்குகிறார்கள்.

அந்த ஜனங்களோடு பழக நமக்கு ஒரு வழி இருக்கிறது, மாடு. அங்கே மாடுதான் சொத்து, சீர், கௌரவம். கல்யாணம் பேசுவதும் மாட்டுக் கணக்கில்தான். மாடு பிடிக்கப் போய்த்தான் பாதிச் சண்டை. டிங்கா பையன்களுக்குத் தனக்கென்று ஒரு காளை இருக்கும். அதன் நிறத்தை வைத்துத் தனக்கே பெயர் வைத்துக்கொள்வான், அதன்மேல் பாட்டுக் கட்டுவான். நம் படையோடு வந்த கால்நடை டாக்டர்கள் முகாம் போடும்போது நான் காவலுக்குப் போயிருக்கிறேன். சாம்பல் பூசிய ஒரு கிழவர், நான் இரு கையை விரித்த அகலத்துக்குக் கொம்பு வளைந்த வெள்ளை மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கழுத்தடித் தாடையைச் சொறிந்துவிட்டேன், எங்கள் ஊர்க் காளைக்குச் செய்கிற மாதிரி. மாடு தலையைத் தூக்கிக் கொடுத்தது. கிழவர் என் தோளில் கை வைத்து என்னவோ நீளமாகச் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் சிரித்துக்கொண்டே, "உங்கள் வீட்டில் எத்தனை மாடு என்று கேட்கிறார்" என்றார். மூன்று என்றேன். பாவம் என்று தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் ரோந்து போனால் அவர் வீட்டுப் பிள்ளைகள் ஓடி வரும்.

அங்கே பேசும் ஜூபா அரபி கொஞ்சம் கற்றுக்கொள்ளுங்கள். சலாம், ஷுக்ரான் (நன்றி), மாஃபி முஷ்கிலா (பிரச்சினை இல்லை) என்று நாலு சொல் தெரிந்தாலே செக்போஸ்ட்டில் முகம் மாறும். ஆங்கிலம் அதைவிட அவசியம். ருவாண்டா, எத்தியோப்பியா, மங்கோலியா, நேபாளம் என்று பல நாட்டுப் படைகள் பக்கத்தில் இருக்கும், வயர்லெஸ்ஸில் எல்லோருக்கும் ஆங்கிலம்தான். தினம் பத்து நிமிடம் ரிப்போர்ட் சொல்லிப் பழகுங்கள். கேட்காமல் யாரையும் போட்டோ எடுக்காதீர்கள். விமான நிலையம், பாலம், அந்த நாட்டு ராணுவம் பக்கம் போனை நீட்டவே வேண்டாம்.

சரி, பெட்டிக்கு வருகிறேன். எடை எவ்வளவு என்று பட்டாலியனில் சொல்வார்கள். மழைக்காலம் ஏறத்தாழ ஏப்ரல் மே முதல் அக்டோபர் நவம்பர் வரை. மண் நம் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மாதிரிதான், நனைந்தால் வண்டி சக்கரம் புதையும், நடந்தால் பூட்ஸோடு கிலோக் கணக்கில் ஒட்டிக்கொள்ளும். அதனால் பருத்தி சாக்ஸும் உள்ளாடையும் நினைப்பதைவிட இரண்டு மடங்கு, படர்தாமரைக்குக் களிம்பு, வேர்க்குருப் பவுடர், தலையில் மாட்டும் டார்ச், பவர் பேங்க். லங்கரில் (படைச் சமையலறையில்) நம் சாப்பாடுதான், அரிசி, பருப்பு எல்லாம் கிடைக்கும், ஆனால் சமையல்காரர் எந்த ஊரோ அந்த ஊர் ருசி. இட்லிப் பொடியும் புளிக்காய்ச்சலும் காற்றுப் புகாமல் கட்டி எடுத்துக்கொள்ளுங்கள். நான் கொண்டுபோன பொடி ஏழு மாதம் வந்தது. கடைசியில் ஒரு பஞ்சாபிக்காரரும் தயிரில் கலந்து சாப்பிடப் பழகிவிட்டார். குடும்ப போட்டோவைக் காகிதத்தில் பிரிண்ட் போட்டு எடுத்துப்போங்கள். நெட்வொர்க் இல்லாத இடத்திலும் அது இருக்கும்.

பேசும் நேரத்தை முன்பே பேசி வையுங்கள். நான் இருந்தபோது இரண்டரை மணி நேர வித்தியாசம். 2021 பிப்ரவரியில் அந்த நாடு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டது, இப்போது மூன்றரை. நீங்கள் டியூட்டி முடித்து எட்டு மணிக்குக் கூப்பிட்டால் இங்கே பதினொன்றரை, பச்சைக் குழந்தையோடு இருக்கும் மனைவி அசந்து தூங்கும் நேரம். வாரம் மூன்று நாள், அங்கே மத்தியானம் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு மூன்று நாள் போன் வராவிட்டால் டவர் இல்லை, மழை, இல்லையென்றால் ரோந்து என்றுதான் அர்த்தம், ஏதாவது நடந்தால் பட்டாலியனிலிருந்து ஆள் வந்து சொல்வார்கள் என்று மனைவியிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். நான் அதைச் சொல்லாமல் போனேன். ஒரு தடவை ஐந்து நாள் தொடர்பு இல்லாமல் போய், வீட்டில் பட்ட பாட்டை நினைத்தால் இன்றைக்கும் சங்கடமாக இருக்கிறது.

தொண்ணூறு நாள் முடிந்ததும் ஐ.நா. மெடலுக்குத் தகுதி வந்துவிடும். மெடல் பரேடு போட்டோவை அம்மாவுக்கு அனுப்புங்கள், என் வீட்டில் அது சாமி படங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

திரும்பி வந்த பிறகும் மலேரியா மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். பெரும்பாலான மாத்திரைகளை ஊருக்கு வந்து நாலு வாரம் வரை சாப்பிட வேண்டியிருக்கும், டாக்டர் சொல்லும் நாள் வரை போடுங்கள். இரண்டு மூன்று மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும், ஊர் டாக்டரிடம் உட்கார்ந்ததும் முதல் வார்த்தையாக "நான் ஆப்பிரிக்காவில் இருந்து வந்தவன்" என்று சொல்லி, அன்றைக்கே ரத்தப் பரிசோதனை கேளுங்கள். மனைவிக்கும் இது தெரிந்திருக்கட்டும், நீங்கள் பேச முடியாமல் இருந்தால் அவர் சொல்ல வேண்டும். நோட்டின் கடைசி அட்டையில் எழுதி வைத்துவிடுங்கள்.